இலவச லினக்ஸ் முகாம்

“பிடுங்கிட வேண்டியதுதான்” என்றார் பல் டாக்டர்.

அவர் சொன்னது லேப்டாப்பில் இருந்த விண்டோஸை. ஓவர்சியருக்கு என்னவோ தன் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்துச் சொன்னது போல் இருந்தது.

“முழுசாவா டாக்டர்? கொஞ்சம் விட்டு வைக்கலாமே.”

“கொஞ்சம் விட்டா மறுபடி தொல்லை குடுக்கும். நான் எத்தனை கேஸ் பாத்திருக்கேன்!”

குடிநீர் வாரியத்தில் ஓவர்சியராக இருபது வருடம் ஓட்டியவர் அவர். நாலு பேர் குழி தோண்டினால் மேலே நின்றுகொண்டு “இன்னும் கொஞ்சம் ஆழமா” என்று சொல்வது அவருடைய உத்தியோகம். குழிக்குள் இறங்கிப் பழக்கமில்லை.

லேப்டாப் அவருடையதும் இல்லை, மனைவியுடையது. அவள் மொழிபெயர்ப்பாளர். மாட்டு வைத்தியப் பாடநூல் ஒன்றை ஏழு மாதமாக இழைத்து இழைத்துத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். மாட்டின் நான்கு வயிறுகளையும் கடந்து குளம்பு நோய் வரை வந்து, போன வாரம்தான் முற்றும் போட்டாள். நாளை காலை பத்து மணிக்குப் பதிப்பாளரிடம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவர் எழுத்தில் தெரிவித்திருந்தார்.

“இந்த லேப்டாப் திறக்கறதுக்குள்ள மாடு கன்னே போட்டுடும்” என்று இன்று காலை புலம்பிவிட்டு அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். உடனே ஓவர்சியருக்கு வீரம் வந்துவிட்டது. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் பழைய லேப்டாப் பறக்கும் என்றும், நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை தன்னார்வலர்கள் இலவசமாகவே போட்டுத் தருகிறார்கள் என்றும் ஆபீஸில் ஒருவர் சொல்லியிருந்தார். அவள் திரும்புவதற்குள் வேலையை முடித்து அசத்திவிடலாம் என்று கிளம்பிவிட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் உள்ளவருக்கு ஓவர்சியர் வேலை எப்படி ஒத்துவரும்?

முழு மடையர் என்றும் சொல்லிவிட முடியாது. புத்தகத்தை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். அந்தப் பையை அவ்வப்போது தொட்டுப் பார்த்துத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில், சுவரோரமாக நாற்காலிகள் போட்ட அறை அது. உள்ளே ஏழெட்டுப் பேர், மடியில் ஆளுக்கொரு லேப்டாப். “லினக்ஸ் போடறது இங்கதானே?” என்று ஓவர்சியர் கேட்டதுதான் தாமதம், “ஆமா, ஆமா, என்ன மெஷின்?” என்று மூன்று பேர் பாய்ந்து வந்துவிட்டார்கள். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட எழுந்திருக்காத மனிதர்கள், ஓசியில் யோசனை சொல்ல ஆள் கிடைத்தால் காட்டுகிற சுறுசுறுப்பே தனி.

முதலாமவர் பல் டாக்டர். அடுத்தவர் பிசிக்ஸ் டீச்சர். மூன்றாமவருக்கு நெஞ்சு வரை நரைத்த தாடி. தாடியைப் பார்த்தவுடனே இவர்தான் தலைவர் என்று ஓவர்சியர் முடிவு கட்டிவிட்டார்.

“லினக்ஸ்லயே உபுண்டுன்னு ஒரு வகை இருக்கு, அதைப் போடுங்க” என்றார் நரைத்தாடி.

“இந்த மெஷின் தாங்காது. மின்ட்தான் சரி” என்றார் டீச்சர்.

“யார் சொன்னது தாங்காதுன்னு?”

“எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும்னா யாரு? ஒருத்தரைக் காட்டுங்க பாக்கலாம்.”

இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. லேப்டாப்பை யாரும் தொடக்கூட இல்லை. ஓவர்சியர் இடையில் புகுந்து, “நீங்க எதைங்க உபயோகிக்கறீங்க?” என்று நரைத்தாடியைப் பணிவாகக் கேட்டார்.

“நான் எதை உபயோகிக்கிறேங்கறதா முக்கியம்? எது சரிங்கறதுதான் முக்கியம்” என்றார் நரைத்தாடி கடுப்பாக.

என்ன ஒரு கொள்கைப் பிடிப்பு என்று ஓவர்சியர் சிலிர்த்துப் போனார்.

கடைசியில் குரல் உரத்து இருந்ததால் டீச்சர் ஜெயித்தார். “சரி, ஒரு பென் டிரைவ் குடுங்க. முதல்ல லினக்ஸை அதுல ஏத்தணும். அதுல இருக்கறதெல்லாம் போயிடும்.”

ஓவர்சியர் பையைப் பொத்திக்கொண்டார். “ஐயையோ, இதுல என் மனைவியோட புத்தகம் இருக்கே!”

“ஒரிஜினல் எங்க இருக்கு?”

“லேப்டாப்ல.”

“ஒரிஜினலே பத்திரமா இருக்கறப்ப காப்பிக்கு எதுக்கு அழறீங்க?”

நியாயமாகத்தான் பட்டது. எடுத்துக் கொடுத்துவிட்டார். டீச்சர் அதைத் தன் லேப்டாப்பில் செருகி, மாட்டையும் கன்றையும் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றினார். பிறகு அதே பென் டிரைவை ஓவர்சியர் கொண்டுவந்த லேப்டாப்பில் மாட்டினார். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று அது கேட்டது.

அந்த நேரம் பார்த்து டீச்சருக்கு ஒரு போன் வந்தது. அவர் வெளியே போக, இவ்வளவு நேரம் வேறு ஒருவருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்த பல் டாக்டர் திரும்பி வந்தார்.

“காப்பி எடுத்தாச்சுல்ல?”

“அதெல்லாம் வீட்லயே எடுத்துட்டேன் டாக்டர். பென் டிரைவ்ல பத்திரமா இருக்கு” என்றார் ஓவர்சியர். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காலையிலிருந்து காத்திருந்தார்.

“குட்” என்று டாக்டர் கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டி, அழிக்கச் சொல்லிவிட்டார்.

பெருமையாகப் பையைத் தொட்ட ஓவர்சியரின் கைக்கு வெறும் துணிதான் அகப்பட்டது. லேப்டாப்பின் விலாவில் அவருடைய பென் டிரைவ் பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது.

“டாக்டர்! நிறுத்துங்க! நிறுத்துங்க!”

“பாதியில நிறுத்தினாத்தான் ஆபத்து” என்றார் டாக்டர்.

விஷயம் தெரிந்ததும் அறையே கூடிவிட்டது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம். “எதுவுமே அழியறதில்லை, நிலைதான் மாறுது” என்று டீச்சர் பாடம் நடத்தினார். “போனதைத் தேடி எடுக்கறதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. இறக்கிடலாம்” என்றார் நரைத்தாடி.

“எங்க இறக்குவீங்க?” என்றார் ஓவர்சியர்.

“இதே லேப்டாப்லதான். வேற எங்க?”

அழிந்துபோன புத்தகத்தின் மேலேயே அதைத் தேடும் சாஃப்ட்வேரை இறக்கினார்கள். அது தேடித் தேடி, பாதி குளம்புப் படம் ஒன்றைக் கண்டுபிடித்தது. உற்சாகமான நரைத்தாடி, செல்போனில் எதையோ பார்த்துப் பார்த்து நாலு வரி டைப் அடித்தார். திரை கறுத்துப் போயிற்று. பிறகு என்ன செய்தும் வெளுக்கவில்லை.

ஓவர்சியர் ஒரு நாற்காலியில் சரிந்தார். நாற்காலியோ தரையோ எதுவும் அவருக்கு உறைக்கவில்லை. ஏழு மாதம். ராப்பகலாக அவள் தட்டிய சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் எட்டிப் பார்த்தார். அவர் அக்குளிலும் ஒரு லேப்டாப்.

“சார், லினக்ஸ் போடறது இங்கதானே?”

“ஆமா, உக்காருங்க. என்ன மெஷின்?” என்றார் ஓவர்சியர். வாய் தானாகத் திறந்து தானாகச் சொல்லிவிட்டது.

“பழசுதான் சார். நாலு வருஷம் ஆச்சு.”

“அப்ப உபுண்டு தாங்காது. மின்ட்தான் சரி. விண்டோஸைப் பிடுங்கிடுங்க. கொஞ்சம் விட்டு வெச்சா மறுபடி தொல்லை குடுக்கும்.”

லினக்ஸ் பற்றி அவர் பாடம் கேட்க ஆரம்பித்து நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஏஜெண்ட் பக்தியோடு குறித்துக்கொண்டார். ஓவர்சியருக்கு அந்த நிலைமையிலும் கொஞ்சம் தெம்பாக இருந்தது. வெட்கம் கெட்ட மனசு.

போன் அடித்தது. மனைவி.

“லேப்டாப் எங்கங்க?”

“லைப்ரரில… எங்கிட்டதான் இருக்கு.”

“என் மாடு?”

“மாடு… அது… நீ சாப்பிட்டியா?”

போன் துண்டிக்கப்பட்டது. இருபது நிமிடத்தில் அவள் அறைக்குள் நின்றாள். கறுத்த திரையைப் பார்த்தாள். பிறகு பென் டிரைவைப் பார்த்தாள். எதையும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்துகள் தேய்ந்துபோன கீபோர்டுக் கட்டைகளை மெல்லத் தடவினாள். திட்டியிருந்தால் ஓவர்சியர் பிழைத்திருப்பார். அவள் அழுதாள்.

“உன்னைக் கேக்காம எடுத்துட்டு வந்தது தப்புதான். மன்னிச்சுக்கோ” என்றார். கல்யாணமாகி முதல் தடவையாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “இதைத் தொட்டது யாரு?”

அறையில் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

“நான் டீச்சர் ஆரம்பிச்சதை முடிச்சேன், அவ்வளவுதான்” என்றார் டாக்டர்.

“நான் அவர் குடுத்த பென் டிரைவைத்தான் துடைச்சேன்” என்றார் டீச்சர்.

“இதுல எனக்கு அனுபவம் இருக்குன்னு நான் எப்பச் சொன்னேன்?” என்றார் நரைத்தாடி.

“சொல்லலையா? தன்னார்வலர்னுதானே உங்களை நம்பினேன்!” ஓவர்சியர் கத்தினார்.

நரைத்தாடி விழித்தார். “நானா? நான் டாக்டரைத்தான் அப்படி நினைச்சேன்.”

“நான் டீச்சரை நினைச்சேன்” என்றார் டாக்டர்.

டீச்சர் தன் லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

“உங்க பஞ்சாயத்தை அப்புறம் வெச்சுக்குங்க” என்றாள் மனைவி. “இந்த முகாமை நடத்தறவங்க யாரு? அவங்களைக் கூப்பிடுங்க. போனதை அவங்களாவது எடுத்துத் தரட்டும்.”

துடைப்பமும் சாவிக்கொத்துமாக அறையைப் பூட்ட வந்திருந்த துப்புரவுக்கார அம்மா எல்லோரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“முகாம் மாடியிலம்மா, இது காத்துக்கிட்டு இருக்கற ரூமு. போட்டுத் தர வந்த பத்துப் பேரும் காலையிலேருந்து மேல உக்காந்து உக்காந்து பாத்துட்டு, ஒரு ஆள்கூட வரலையேன்னு இப்பத்தான் கிளம்பிப் போறாங்க.”