கை நனைக்காமல் போன சம்பந்தக்காரர்கள்

மரியாதைக்குரிய மலையாண்டி மச்சான் அவர்களுக்கு, திருவாடானையிலிருந்து தங்கப்பாண்டி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கையும் நானும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. இராமேஸ்வரத்தில் உங்கள் லாட்ஜும் அதில் தங்குவோரும் நலமாக இருக்க ராமநாதசுவாமி அருளட்டும். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லிவிட்ட பரமக்குடி மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் துர்காதேவியைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி குடித்தார்கள், "பாத்துட்டுத் தாக்கல் சொல்றோம்" என்றார்கள், இலை போட்டதும் "இப்பக் கை நனைக்க வேணாம்" என்று எழுந்துவிட்டார்கள். சம்மதம் ஆகாமல் பெண் வீட்டில் சாப்பிடுவதில்லை என்ற வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா போகும்போது நம் கொல்லையில் ஒரு கட்டு முருங்கைக்காய் கேட்டு வாங்கிப் போனார்களே, அதை எதில் சேர்ப்பது? ரிசர்வ் வங்கி பணத்தை இறுக்குகிறதா தளர்த்துகிறதா என்று அளப்பதைத்தானே நம் பிள்ளை சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள், இவர்கள் மனசையும் அப்படி அளக்க முடியுமா என்று அவளையே கேட்டேன். "நம்ம மாதிரி நாட்டுல வட்டிய மட்டும் பாத்துச் சொல்ல முடியாதுய்யா. வட்டிய அப்படியே வச்சுக்கிட்டு, பேங்குகளைக் கூடுதலாப் பணம் கட்டி வைக்கச் சொல்லி இறுக்குவாக. டாலரை வாங்கி ரூபாயை வெளிய விட்டுத் தளர்த்துவாக. பேச்சு, செயல் எல்லாத்துக்கும் மார்க் போட்டுக் கூட்டணும்" என்றாள். போடு என்றேன். பேச்சுக்குப் பூஜ்யம், சாப்பிடாததற்கு இறுக்கம், முருங்கைக்காய்க்குத் தளர்வு, கூட்டினால் நடுநிலையாம். இத்தனை வருடம் படிக்க வைத்ததற்கு நடுநிலை. முருங்கைக்காய்க்கு இன்னும் கொஞ்சம் மார்க் போடச் சொல்லி உங்கள் தங்கை அழுதாள். "நம்ம ஆசைக்குக் கணக்க வளைக்கக் கூடாதும்மா" என்று மகள் உள்ளே போய்விட்டாள். மச்சான், எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வரனும் தட்டிப்போனால் அவளுக்குக் கல்யாணமே இல்லை என்று மனசு அடித்துக்கொள்கிறது. நீங்களே ஒரு நடை போய் அவர்கள் வாயைக் கிளறிப் பாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

நொந்துபோன,
தங்கப்பாண்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளையின் அய்யாவே போன் செய்துவிட்டார். முழுச் சம்மதமாம், வெள்ளிக்கிழமை சாப்பிடவே வருகிறார்களாம். ஓடிப்போய் மகளிடம் சொன்னேன். சென்னைக்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள். "அவக மனசைத்தான் எல்லாரும் அளந்தீக. என்னைய ஒருத்தரும் கேக்கலியேய்யா" என்றாள். உண்மைதான் மச்சான், அப்போதுதான் கேட்டேன். பையை மூடிக்கொண்டே சொன்னாள்: "ஊருக்குப் போயி லெட்டர் போடுறேன்னு சொல்லிருங்க."