விபத்தில்லாத ஆறாவது முகாம்

"யா அல்லா!" என்று அலறிக்கொண்டு ரஃபி அகமது ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தபோது மணி பத்தேகால். அவர் தொட்டது ராஜம்மாளின் மிக்சியை.

ஓடி வந்த ஜெயசீலன் முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார். அதுவரைக்கும் சரி. அடுத்து ரஃபியைத் தூக்கியிருக்க வேண்டும். மனிதர் வாசலை எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் கை கொடுத்தார்.

"சத்தம் போடாத பாய். இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? ஷாக் அடிச்சிடுச்சி! இந்த மண்டபத்துல எர்த்தே இல்லன்னு நாலு மாசமா கத்தறேன்."

"நானும்தான் நாலு மாசமா கமிட்டிக்கு லெட்டர் எழுதறேன். இன்னிக்கு ஒரு நாள் வாய மூடிக்கோ. பன்னெண்டு மணிக்கு வர்றாங்க."

ஆம்பூரில் அந்த மாதா கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு இலவச ரிப்பேர் முகாம் நடக்கும். மிக்சி, ஃபேன், அயர்ன் பாக்ஸ், எதுவானாலும் கொண்டு வரலாம். பழுது பார்ப்பவர்கள் எல்லாரும் ஷூ கம்பெனி ஆட்கள். ஆறு நாள் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு ஏழாம் நாளும் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு சும்மா வருகிறார்கள் என்றால், அவர்களை என்ன சொல்வது! ஜெயசீலன் கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர். ஆகவே இங்கேயும் பாதுகாப்பு அவர் பொறுப்பு.

கோயில் கமிட்டிச் செயலாளர் சவுரியம்மாள் டீச்சரிடமிருந்து புதன்கிழமை ஒரு கடிதம் வந்திருந்தது. 'முகாமில் ஏற்பட்ட விபத்துகள் குறித்து ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு நேரில் விசாரிக்கப்படும்.' அவ்வளவுதான். ஜெயசீலன் அதை நாலு தடவை படித்தார். அணைக்கட்டுப் பக்கம் இதே மாதிரி ஒரு முகாமில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தார், மறு வாரமே மண்டபத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். இங்கேயும் பூட்டிவிட்டால்? பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை போடும் ராஜம்மாள் செத்துப்போன மிக்சியோடு எங்கே போவாள்?

அவர் கெட்டவர் இல்லை. கம்பெனியில் யாருக்காவது அடிபட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் அதை ரிஜிஸ்டரில் எழுத வேண்டி வந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு இறங்காது. ஆடிட் நாளில் கட்டுப் போட்டவர்களைப் பின் கேட் வழியாக லீவில் அனுப்பிவிட்டு, மிச்சப் பேருக்கு பீரோவில் தூங்கும் கிளவுஸையும் கண்ணாடியையும் மாட்டி உட்கார வைப்பார்கள். பதினெட்டு வருஷமாக அதுதான் அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு. கம்பெனி கேட்டில் இருப்பதைப் போலவே மண்டப வாசலிலும் ஒரு பலகை மாட்டியிருந்தார். 'விபத்தில்லாத முகாம்கள்: 5.'

நர்ஸ் ஜெபராணி ரஃபியின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை லீவை முகாமுக்குக் கொடுத்துவிட்டு முதலுதவிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவள் அவள்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்றாரு. ஈசிஜி எடுத்தே ஆகணும். பேர எழுதிக்கறேன்."

"இப்பவே போகட்டும் சிஸ்டர். செந்தில்குமார், வண்டிய எடு! எழுதறது மட்டும் வேணாம்." ஜெயசீலன் இரண்டு பேரையும் பின் கதவு வழியாகத் தள்ளிக்கொண்டு போனார். "யாராச்சும் கேட்டா பிரியாணி வாங்கப் போறோம்னு சொல்லுங்க."

"நெஞ்ச புடிச்சிக்கினா பிரியாணி வாங்கப் போவாங்க?" என்றார் ரஃபி. ஆனாலும் போனார்.

ரஃபி மேசையின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிடுங்கி மேடைக்கு அடியில் ஒளித்தாயிற்று. வேலை நின்றால் டீச்சருக்குச் சந்தேகம் வருமே! அதனால் ஜெயசீலன் மெயினை மறுபடி போட்டு, இரண்டு மேசைக்கும் சேர்த்து அடுத்த மேசை எழிலரசியின் பாக்ஸிலேயே எல்லாவற்றையும் சொருகினார். அயர்ன் பாக்ஸ், இண்டக்ஷன் அடுப்பு, கிரைண்டர், மூன்றும் ஒன்றில். அரை மணி நேரத்தில் கருகிய வாசனை வந்தது. பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கிய எழிலரசியின் இரண்டு விரலில் உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டது.

"சார், எரியுது சார்!" கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றாள். ஜெபராணி அவள் கையைக் குழாயடியில் பிடித்துக் காட்டி, மருந்து போட்டு, துணி சுற்றினாள்.

ஜெயசீலனுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு போய் தோல் கிளவுஸ் பையை எடுத்து வந்தார்.

"இத மேல மாட்டிக்கோம்மா. கட்டு தெரியாது. நீ ஒருத்தி மட்டும் போட்டா ஒரு மாதிரி இருக்கும். எல்லாரும் போடுங்க!"

ஃபேன் ரிப்பேர் பெருமாள் கிளவுஸை மாட்டிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத போட்டுக்கினு ஸ்க்ரூவ எப்டிண்ணா புடிக்கிறது?"

"புடிக்கிற மாதிரி காட்டு, போதும்."

பெருமாளுக்குக் காட்டத் தெரியாது, செய்யத்தான் தெரியும். ஃபேனை மடியில் வைத்துத் திருகினார். வழுக்கிய ஸ்க்ரூ டிரைவர் நேராகத் தொடையில் இறங்கியது. கிளவுஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கட்டுப் போட்டாலும் பேன்டில் ரத்தக் கறை இருந்தது. ஜெயசீலன் 'பாதுகாப்பே முதன்மை' என்று எழுதிய பேனரைச் சுவரிலிருந்து அவிழ்த்து, பெருமாள் கையில் கொடுத்து, இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்.

ஜெபராணி ரிஜிஸ்டரை அவர் முன்னால் வைத்தாள். "இவருக்கு டிடி ஊசி போடணும். மூணு பேரு ஆச்சு. இப்பவாவது எழுதலாமா?"

"பன்னெண்டரைக்கு எழுதிக்கலாம் சிஸ்டர். முகாமையே மூடிட்டா யாரு பதில் சொல்றது?"

"அடுத்த ஷாக்ல ஒரு ஆள் போய்ட்டா யாரு பதில் சொல்றது? கம்பெனியிலதான் மறைக்கிறீங்க. இவங்க சம்பளத்துக்கா சார் வந்தாங்க?"

ஜெயசீலன் ரிஜிஸ்டரை மூடி அவள் பக்கமே தள்ளினார். "எழுதலன்னா எனக்கு இங்க வேல இல்ல" என்று சொல்லிவிட்டு ஜெபராணி ரஃபியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். அவள் சொன்னது அவருக்கு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு செந்தில்குமார் போன் செய்தான். "ஈசிஜி நார்மல்ணா. பாய் நெஜமாவே பிரியாணி கேக்கறாரு."

"மாதாவே!" ஜெயசீலன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த நிம்மதி இரண்டு நிமிஷம் நிலைத்தது.

"இன்னாபா, என் மிக்சிய மறந்தே பூட்டீங்களா?" என்று ராஜம்மாள் வந்து நின்றாள். "நாளைக்கு சட்னிக்கு இன்னா பண்ணுவேன்?"

"இதோ, நானே பாக்கறேன்" என்று கிளவுஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ரஃபியைத் தள்ளிவிட்ட அதே மிக்சி. வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்ட படபடப்பில் அதையே மறந்து சொருகித் தொட்டார். வலது கை தோள்வரை உதறியது. நல்லவேளை, கை தானாக விடுபட்டது. மரத்துப்போன கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு எழுந்து நின்றார்.

சவுரியம்மாள் டீச்சர் உள்ளே வந்தார். பின்னால் தோளில் பையோடு ஓர் ஆள், தௌசீப் அகமது. டீச்சர் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார்.

"எழில், உனக்கு ஏதாச்சும் அடி கிடி பட்டுதாம்மா?"

எழிலரசி ஜெயசீலனைப் பார்த்தாள். "இல்ல டீச்சர்."

"பெருமாள், நீ ஏன் பேனர புடிச்சிக்கினு நிக்கற?"

"விழிப்புணர்வு டீச்சர்" என்றார் பெருமாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ரஃபி எங்க?"

"பிரியாணி வாங்கப் போயிருக்காரு" என்றார் ஜெயசீலன்.

டீச்சர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஒரு பக்கத்திலும் ஓர் எழுத்தில்லை. "ஒரு சின்ன ஷாக்கூட இல்லியா? நல்லா யோசிச்சி சொல்லுங்க ஜெயசீலன்."

"இல்லவே இல்ல டீச்சர். வேணும்னா கையெழுத்து போட்டுத் தர்றேன்."

போட்டும் கொடுத்தார், இடது கையால், கோழி கிறுக்கின மாதிரி. டீச்சர் முகம் வாடிவிட்டது. குற்றம் கண்டுபிடிக்க முடியாத ஏமாற்றம் என்று ஜெயசீலன் நினைத்துக்கொண்டார். தப்பித்தோம்! வாசலுக்குப் போய் பலகையில் ஐந்தை அழித்து, அதே இடது கையால் கோணலாக ஆறு போட்டார்.

எலக்ட்ரீஷியன் தௌசீப் அகமது பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு டீச்சரிடம் சொன்னான்: "இந்த வருசம் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் எர்த்தும், ஷாக் அடிச்சா கரண்ட்ட கட் பண்ற டிரிப் சுவிட்சும், ஷாக் அடிச்ச எடத்துக்குத்தான் மொதல்லன்னு கமிட்டி சொல்லிடுச்சி, பாவம், நாலு மாசமா எழுதறாரேன்னு இங்க மாட்டத்தான் எடுத்தாந்தோம், இன்னா பண்றது டீச்சர், வாங்க, ஷாக் அடிச்சிதுன்னு எழுதித் தந்த ஹாஸ்டலுக்கே போய்டலாம்."