மாகாணம் சாமியின் சீன விருந்து

சீன தேசத்தில் கால் வைக்காமலேயே அதைச் சமையல்வாரியாகப் பங்கிட்டு ஆண்ட பேரரசர் உலகில் ஒருவரே. அவர் கரமனை அக்கிரகாரத்தில் என் எதிர்வீட்டில் குடியிருந்தார். அரசு அலுவலகக் கணக்கர். முட்டை வண்டி தெருவைக் கடந்தால் குளித்துவிடும் சைவர். ஆயினும் தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்தின் எந்த வாசலில் சிவப்புக் காகித விளக்குத் தொங்கினாலும், அங்கே முதலில் நுழையும் செருப்பு அவருடையதே.

அமர்ந்ததும் அவர் கேட்பது, "எந்த மாகாணம்?" என்பது. அதனால் மாகாணம் சாமி எனும் பெயர் நிலைத்தது. இயற்பெயர் சம்பளப் பட்டுவாடாக்காரருக்கு மட்டுமே தெரியும்.

தம்பானூர் மாடி உணவகம் ஒன்றில், பரிமாறிய நாகர்கோவில்காரர் இக்கேள்விக்கு நேர்மையாகவே விடையிறுத்தார்.

"குக்கு டார்ஜிலிங்காரனாக்கும், சாமி."

"அவன் ஊரையா கேட்டேன்? கொழம்போட ஊரைக் கேக்கறேன். சிச்சுவானா, காண்டனா?"

"ரெண்டும் ஒரே கொழம்புதான் சாமி. மொளகா கூடினா சிச்சுவான், கொறஞ்சா மத்தது."

"நாட்டையே குட்டிச்சுவராக்கிட்டான்," என்று சாமி என் பக்கம் திரும்பி வருந்தினார். எந்த நாட்டை என்று நான் வினவவில்லை.

கொள்கை சீனம், உண்ணும் முறையோ கலப்பற்ற கரமனை. தட்டைச் சுற்றி நீர் வார்த்து மந்திரம் முணுமுணுக்காமல் நூடுல்ஸைத் தொடமாட்டார். மேசை நனைந்ததென்று பரிமாறுபவர் துடைப்பார். சாமி மீண்டும் சுற்றுவார். சூப்பு முதலில் வந்தால் திருப்பி அனுப்புவார். "ரசத்தை ஆராவது முதல்ல விடுவாளோ?" ஃப்ரைட் ரைஸ் வந்தபின் நடுவே குழி பறித்து, அதில் சூப்பை ஊற்றிப் பிசைந்து, இறுதியில் மோர் கேட்பார். மோர் இல்லாத உணவகம் அவருடைய பேரரசிலிருந்து நீக்கப்படும்.

இத்தகையவர், தம் ஒரே மகள் ஜானகியைப் பெண் பார்க்க வருவோரைக் கவடியார்ப் பக்கத்துச் சீன உணவகத்துக்கு வரச்சொன்னபோது தெருவே திண்ணையில் கூடிப் பேசிற்று. முன்னர் வந்த இரு குடும்பங்கள் வீட்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் உண்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று சென்றவை. இன்றளவும் யோசித்துக்கொண்டிருக்கின்றன. இச்சம்பந்தமும் தவறிவிடுமோ என்று சாமியின் மனைவியான மாமி அஞ்சினார்.

"லோகத்துல ஆராவது சீனாக்காரன் கடையில பொண்ணு காட்டுவாளோ?"

"சீனாக்காரன் எங்கேடி இருக்கான்? எல்லாம் டார்ஜிலிங். நீ புடவையைக் கட்டிக்கோ."

துணைக்கு என்னையும் இழுத்துச் சென்றார். சென்னையிலிருந்து வந்திருந்தோர் மூவர்: தந்தை, தாய், கணினி நிறுவனத்தில் பணிபுரியும் பிள்ளை. பிள்ளைக்கு எதிர் நாற்காலியில் ஜானகி அமர்ந்திருந்தாள். ஹூனான் மாகாணத்தார் மிளகாயைக் கையாளும் விதத்தைச் சாமி விளக்கிக்கொண்டிருக்கையில் நூடுல்ஸ் வந்தது. பிள்ளையின் தாய் இனிமையாகச் சொன்னார்:

"பொண்ணு பரிமாறட்டுமே. நாங்களும் பார்த்த மாதிரி இருக்கும்."

ஜானகி எழுந்தாள். சாமி ஹூனானிலேயே நின்றுவிட்டார்.

"நீ உக்காரு. பரிமாற இங்கே ஆள் உண்டு." பின்னர், நான் அதுவரை கேட்டிராத தணிந்த குரலில் விருந்தினரிடம், "ரெண்டு தடவை தட்டைத் தூக்கிண்டு கூடத்துல வந்து நின்னாச்சு. வந்தவா தட்டைக் காலி பண்ணிட்டு, இவ நடையைக் குத்தம் சொல்லிண்டு போனா. இனி என் பொண்ணு ஆர் முன்னாடியும் தட்டோட நிக்க வேண்டாம்னுதான் இங்கே வரச்சொன்னேன். அவளும் உக்காந்து சாப்பிடட்டும். பிடிச்சா செரி. பிடிக்கலேன்னாலும் செரி," என்றார்.

மாமி கண்களை மூடிக்கொண்டார். பிள்ளையின் தந்தை கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். எழுந்துவிடுவார் என்றே எண்ணினேன்.

ஜானகி பிள்ளையை நோக்கினாள். "உங்களுக்கு இந்தச் சீனச் சாப்பாடு பிடிக்குமா?"

"பிடிக்காது," என்றான் அவன். "வேண்டாம்னா உங்கப்பாவுக்கு மரியாதையா இருக்காதேன்னு வந்தேன்."

"எனக்கும் பிடிக்காது. அப்பாவுக்காகச் சாப்பிடறேன்."

பிள்ளையின் தந்தை மனைவியைப் பார்த்தார். பின்னர் சாமியைப் பார்த்தார். "இவா ரெண்டு பேருக்கும் வெறும் சாதம் கிடைக்குமான்னு கேளுங்கோ சார். நிதானமாப் பேசிண்டே சாப்பிடட்டும்."

சம்பந்தம் அங்கேயே நிச்சயமாயிற்று. ஆனால் சாமியை உலுக்கியது வேறு செய்தி. "ஒரு மாகாணம்கூடவா பிடிக்கலை?" என்று மகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

திரும்பிய பேருந்தில் மாமிக்கும் மகளுக்கும் மட்டுமே இடம் கிடைத்தது. முந்தைய இரவெல்லாம் கண்ணயராத ஜானகி, பாளையம் வருமுன்னரே உறங்கிவிட்டாள். அவள் தலை சன்னற்கம்பியில் இடிக்காதபடி, சாமி மாமியின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, உள்ளங்கையை இடையே வைத்துக்கொண்டு, வளைந்து நின்றார்.

"கை வலிக்கலையா, ஓய்?" என்றேன்.

"மெல்லப் பேசும்," என்றார்.