கிட்னிக்குக் கிடைத்த கட்டில்

கதவு தட்டப்பட்டபோது பீரோ காலை அகட்டி நாற்காலியில் உட்கார்ந்து, துண்டில் சுற்றிய உறைந்த பட்டாணிப் பாக்கெட்டைக் கவட்டையில் வைத்திருந்தார். ஆபரேஷன் முடிந்து மறுநாள்தான். எழுந்தால் சுருக்கென்றது. திறந்துதான் இருக்கிறது என்று குரல் கொடுத்துவிட்டு, பட்டாணிக்கு மேல் ஒரு தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வந்தவர் கடை லாரியின் டிரைவர். இருவருக்கும் ஒரே மரச்சாமான் கடையில் வேலை. அவர் ஓட்டுவார், இவர் தூக்குவார். எத்தனை மாடியானாலும் பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றிவிடுவதால் இவருக்கு வந்த பட்டப்பெயர்தான் பீரோ.

மூன்றாவது பிரசவத்தில் மனைவி பிழைத்ததே பெரும்பாடு. இன்னொன்று உண்டானால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாத்திரையும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கருத்தடை ஆபரேஷனை அவளுக்கே செய்துவிடலாமா என்ற பேச்சு வந்தபோது, "அவ பட்டது போதும், எனக்குப் பண்ணிடுங்க" என்று பீரோ முந்திக்கொண்டார். அன்றைக்கு இருந்த தைரியம் இப்போது டிரைவர் முன்னால் வரவில்லை.

என்ன உடம்புக்கு என்று டிரைவர் கேட்டார். சின்ன ஆபரேஷன் என்றார். எங்கே என்றதற்கு இடுப்புப் பக்கம் பொதுவாகக் கையைக் காட்டினார். எதற்கு என்றதற்கு, வீட்டுக்காரிக்காக என்றார். மூன்றும் உண்மை. டிரைவர் தலையணையைப் பார்த்தார். அதன் அடியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் பார்த்தார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி. கடையில நான் பேசிக்கிறேன்."

அன்று சாயங்காலமே முதலாளி போனில் வந்தார். லீவு என்றாலே காது கேட்காமல் போய்விடும் மனிதர், குரல் தழுதழுக்கப் பேசினார். கட்டியவளுக்குக் கிட்னி கொடுத்தவனைத் தன் கடையில் வைத்திருப்பதே தனக்குப் பெருமை என்றார். பீரோ வாயைத் திறப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

நேரில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது என்று மெல்ல நடந்து கடைக்குப் போனார். போனது தப்பாயிற்று. கிட்னியைக் கொடுத்த கையோடு நடந்தே வந்துவிட்டார் என்று கடையே எழுந்து நின்றது. விற்பனைக்கு இருந்த சாய்வு நாற்காலியின் பாலிதீன் உறையை முதலாளி தன் கையாலேயே கிழித்து, அதில் உட்காரவைத்தார்.

"கிட்னியெல்லாம் இல்லீங்க முதலாளி."

"தெரியும்யா. இப்ப உனக்கு ஒண்ணுதானே?"

சரி, இந்த வழி ஆகாது என்று, என் மனைவி நன்றாகத்தான் இருக்கிறாள், எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். வைத்த கிட்னி ஒத்துக்கொண்டது என்று ஆளாளுக்குக் கைகொடுத்தார்கள்.

மறுநாள் முதலாளியம்மா உப்பில்லாத சூப்போடு வீட்டுக்கே வந்துவிட்டார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியின் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி, படுக்கவைத்து, போர்த்திவிட்டு, சூப் காலியாகும்வரை பக்கத்திலேயே இருந்தார். அவர் போனதும் பீரோ சொல்லி விஷயம் தெரிந்த மனைவி, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உங்க கிட்னிக்கு ரொம்ப நன்றிங்க" என்றவள், சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினாள். "நெஜமா செஞ்சதுக்கும்தான்."

வலியும் வீக்கமும் போயிருந்தால் ஒரு வாரம் கழித்துச் சேர்ந்து இருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் ஆபரேஷன் உடனே பலன் தராது, சோதனையில் விந்தணு இல்லை என்று வரும்வரை ஆணுறை கட்டாயம் என்றும் சொல்லியிருந்தார். வாரம் தாண்டியது. வலியும் வீக்கமும் போயின. பயம்தான் போகவில்லை. முன்னைப்போல் இருக்குமா? மனைவி எதுவும் கேட்காதது வேறு அவரைப் படுத்தியது.

ஒரு விடுமுறை மதியம் பிள்ளைகளைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் தாழ்ப்பாள் போட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்த பீரோ, மனதில் கிடந்ததை ஒருவழியாகச் சொன்னார்.

"பயமா இருந்தா சும்மா பக்கத்துல படுங்க. யாரு உங்களை விரட்டுறா?"

அவர் படுத்தார். வாசலில் லாரி நின்றது.

கடை ஆட்கள் ஒரு தேக்குக் கட்டிலோடு வந்திருந்தார்கள். முதலாளியின் அன்பளிப்பு, கிட்னிக்காரர்கள் அசையாத கட்டிலில்தான் படுக்க வேண்டுமாம். கண்மூடித் திறப்பதற்குள் பழைய கட்டிலைக் கழற்றி, புதியதை மாட்டி, மெத்தை போட்டார்கள். இரண்டு பேரும் ஓய்வெடுங்கள், நாங்கள் தொந்தரவு செய்யவில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டும் போனார்கள்.

அவர்கள் ஓய்வெடுக்கவில்லை. ஆணுறையையும் மறக்கவில்லை. கட்டில் சத்தமே போடவில்லை. நடுவில் ஒருமுறை பீரோவுக்கு லேசாக இழுத்தது. நிறுத்தினார்கள், சிரித்தார்கள், அவசரப்படாமல் தொடர்ந்தார்கள். எல்லாம் முன்னைப்போலத்தான் இருந்தது. மனைவி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

"இனிமே ஒவ்வொரு மாசமும் பயந்துகிட்டே இருக்க வேண்டாம், இல்லீங்க?"

சோதனை மட்டும் முடியட்டும் என்றார் பீரோ.

ஆனாலும் கொடுக்காத கிட்னிக்குக் கட்டில் வாங்கிக்கொண்டது நெஞ்சை உறுத்தியது. மறுநாள் கடை திறக்குமுன் லாரியில் ஏறி, டிரைவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். கட்டிலைத் திருப்பிக் கொண்டுவர ஒரு கை கொடுங்கள், முதலாளியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

டிரைவர் சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டார்.

"கிட்னின்னு கிளப்பிவிட்டதே நான்தான் தம்பி. நானும் இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்து உண்மையைச் சொன்னேன், அந்த மனுஷன் மறுநாளே என்னை டைனிங் டேபிள் தூக்க விட்டுட்டாரு."