ஷேடு நம்பர் இருநூற்றுப் பதினாலு

மார்ச் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். பெயிண்ட் கடையின் கலவை மேஜையில் நின்ற கலர் மாஸ்டரின் கண்கள் மஞ்சளாக இருந்தன.

"என்ன மாஸ்டர், கண்ணுல பெயிண்ட் தெறிச்சிடுச்சா?" என்றார் டப்பா வாங்க வந்த பெயிண்டர்.

மாஸ்டர் கண்ணாடி முன் நின்று நிறங்களுக்கு நம்பர் போட்ட ஷேடு கார்டைக் கண்ணோரம் பிடித்துப் பார்த்தார். இருநூற்றுப் பதினாலு. வியாழக்கிழமை அது இருநூற்றுப் பதினேழு ஆனது. டாக்டரிடமும் நம்பரைத்தான் சொன்னார்.

ஸ்கேனில், பித்தக்குழாயை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி.

"பார்வைக்குப் புற்றுநோய் மாதிரி இருக்கு. எடுத்துப் பரிசோதிச்சாதான் உறுதி."

மாஸ்டர் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

கலவை அளவுகள் தன் தலைக்குள் மட்டும் இருப்பதால்தான் வேலை நிலைத்திருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. அவசரத்துக்கு முழுக்கைச் சட்டையின் கைப்பகுதியில் பென்சிலால் கிறுக்குவார். சாயங்காலம் மனைவி துவைத்துவிடுவாள். எதிரே பெயிண்ட் கடை வைத்திருக்கும் மச்சான், மனைவியின் தம்பி, ஒருமுறை அளவு கேட்டதற்கு எட்டு வருஷமாகப் பேச்சில்லை.

அந்த மச்சானையே ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தார்.

"எழுதிக்கோ மச்சான். என்னோட போயிடக் கூடாது."

மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார். அந்த நேரம் பார்த்து முதலாளி ஆப்பிள் பையோடு நுழைந்தார்.

"எதிர்க்கடைக்கா பாடம் எடுக்குறீங்க?" பையோடு திரும்பினார்.

அவரைச் சமாதானப்படுத்த, அவருக்கும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டியதாயிற்று. முதலாளி செல்போனில் பதிவு செய்துகொண்டு ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார்.

ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் டாக்டர் சிரித்தபடி வந்தார். "புற்றுநோய் இல்லை. சாதாரணக் கட்டி. அந்த இடத்துல ரொம்ப அபூர்வம்!"

"நல்லாப் பார்த்தீங்களா டாக்டர்?"

"ஏன், வருத்தமா?"

"உசிரு திரும்பி வந்திருக்கு, கேக்குற கேள்வியைப் பாரு!" என்றாள் மனைவி.

சாயங்காலம் பெயிண்டர் வந்தார். "எப்ப வருவீங்கன்னு முதலாளி கேக்கச் சொன்னார். செல்போனைக் கேட்டுக் கேட்டு அவர் கலக்குறதெல்லாம் சேறா வருது."

"மச்சானுக்குச் சேறு வராதே! என் ரகசியமெல்லாம் போச்சுப்பா."

பெயிண்டர் ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தார். "எட்டு வருஷமா உங்க டப்பா தீர்ந்தா, எதிர்க்கடையில அதே கலரை வாங்கித்தான் மிச்சச் சுவத்தை முடிக்கிறேன்."

மனைவி அவசரமாகப் போர்வையை மடிக்க ஆரம்பித்தாள்.

"உங்க சட்டையைத் தண்ணியில போடறதுக்கு முன்னாடி, அக்கா போன்ல படிச்சுக் காட்டுவாங்கன்னு உங்க மச்சானே சொன்னாரு."

மே இரண்டாம் தேதி மாஸ்டர் வேலைக்குத் திரும்பினார். அரைக்கைச் சட்டை.