செருப்பைக் கழற்றி வைத்த பேய்

என்னைக் கண்டு பயப்படாத ஆள் எங்கள் தோட்டத்தில் கிடையாது என்று மனதார நம்பியதால்தான் நான் பேயாக நடிக்கச் சம்மதித்தேன்.

கலவானைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரிய கிளாக்கர் என்றால் ஆபீசில் துரைக்கு அடுத்த ஆள். (துரைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே உண்மையில் துரைக்கு மேலே. இதை எந்தத் துரையிடமும் சொன்னதில்லை.) சேமலாப நிதி, பிரசவ லீவு, செத்தவர் கணக்கை முடிப்பது, எதற்கு யார் கையெழுத்து முதலில் விழ வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள், நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாலே குரலைத் தாழ்த்திவிடுவார்கள். ஓய்வுக்குப் பிறகு தோட்டத்து மரணாதார சங்கத்தின் செயலாளர் பதவியும் வந்து சேர்ந்தது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரமும் கதிரையும் வெள்ளைக் கொடியும் என் உத்தரவில்தான் நகரும். சாவோடு இவ்வளவு நெருங்கிய நிர்வாகத் தொடர்பு உள்ளவன் பேயாவதை ஒரு பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டேன்.

பதவியைக் கொடுத்தவள் என் மகள் தர்ஷினி. கொழும்பில் பட்டம் படித்துவிட்டு ஊருக்கு வந்தவள், சினிமா எடுக்கப் போவதாக ஒருநாள் சாப்பாட்டின்போது அறிவித்தாள். அவளுக்காக இரத்தினபுரியில் ஒரு தனியார் பாடசாலையில் ஆசிரியை வேலை காத்திருந்தது. அந்த வேலைக்காகக் கோவில் கோவிலாக வேண்டிக்கொண்டவள் என் மனைவி ராஜேஸ்வரி. வீட்டில் சோறு பொங்கியதோ இல்லையோ, சண்டை மூன்று வேளையும் பொங்கியது. கடைசியில் மகளே ஒரு வழி சொன்னாள்.

"பேய்ப் படத்துக்கு பரீட்சைத் திணைக்களமா மார்க் போடப்போகுது? பாக்குறவங்கதாம்மா போடுவாங்க. பயந்து கத்துனா பாஸ்."

"சரிடி. தோட்டத்துச் சனத்துக்குப் போட்டுக் காட்டு. ஒரே ஒரு ஆளு கத்தட்டும், ஒரு வருசம் உன் இஷ்டத்துக்கு இரு. ஒருத்தரும் கத்தலைன்னா, மறுநாளே பாடசாலையில போய் நிக்கணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாட்சியாகத் தலையசைத்தேன். ஒரு பெண்ணின் எதிர்காலம் அடுத்தவர் தொண்டையில் தொங்குவது முறையா என்று அப்போது யோசிக்கவில்லை. கத்த வைக்கப் போகிறவன் நான்தானே என்ற தைரியம்.

படத்தின் கதை எளிமையானது. வெள்ளைக்காரன் காலத்தில் கொலையான ஒரு பெரிய கிளாக்கர், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் குடியிருப்பவர்களை ஒவ்வொருவராகத் தேடி வந்து பழிவாங்குகிறார். கமராக்காரன் ரிஸ்வான், மாவனல்லைப் பையன், மகளோடு படித்தவன். கலியாண வீடியோ எடுப்பது தொழில். அவன் கமரா இதுவரை அழுத முகமாகப் பார்த்தது மணப்பெண்ணின் தாயை மட்டும்தான். இரவில் படமெடுக்க விளக்குக்கு வழியில்லாததால் எல்லாவற்றையும் பட்டப்பகலில் எடுத்து, பிறகு நீலமடித்து இரவாக்கினார்கள். அந்த நள்ளிரவில் என் நிழல் துல்லியமாகக் காலடியில் விழுந்தது. ஒரு கோழியும் குஞ்சுகளோடு மேய்ந்தது.

முகத்தில் அரிசி மாவு, கண்ணுக்குக் கீழே கரி, மேலே என் பழைய வெள்ளைக் கோட்டு. ரிஸ்வான் நான் நடந்து வருவதை மெதுவான ஓட்டத்தில் எடுத்துவிட்டுக் கமராவைக் காட்டினான். "அங்கிள், சூப்பரா ஈக்கி! மாப்புள வாற மாதிரியே ஈக்கி!"

அந்த இடத்திலேயே நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும்.

இன்னொரு சம்பவமும் நடந்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் குட்டையாக்கிய மலையில் கதாநாயகியைத் துரத்தி இறங்கும்போது, கால் வழுக்கித் தலைகீழாக உருண்டு தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். மகள் ஓடிவந்து, எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும், "அப்பா, ரொம்ப ரியலா விழுந்தீங்க, வச்சுக்கிறேன்" என்றாள். வீட்டில், நான் கோவில் படியில் சறுக்கிவிட்டதாகச் சொல்லிவைத்தோம். ராஜேஸ்வரி என் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்தபடி கோவில் கமிட்டியைத் திட்டினாள். கமிட்டியும் படியைத் திருத்திக் கட்டியது. (அந்த வகையில் இந்தப் படத்தால் ஒரு பொது நன்மை.)

திரையிடல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தோட்டத்துச் சனசமூக மண்டபத்தில். ஜன்னல்களை மூடக் கறுப்புப் பொலித்தீன் கட்டினோம். கதிரைகள் மரணாதார சங்கத்துடையவை. எல்லாக் கதிரையின் முதுகிலும் சங்கத்தின் பெயர் இருந்ததால் சூழ்நிலை தானாக அமைந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

ஒரு பொது நிகழ்ச்சி எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடத்தினேன். மங்கள விளக்கேற்றினோம். இறைவணக்கம் பாடினோம். மறைந்த அங்கத்தவர்களுக்காக எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். பிறகு வரவேற்புரை. அதை நானே ஆற்றினேன். படத்தின் கதையைச் சபைக்குச் சுருக்கமாக விளக்கி, கொலையாளி யார் என்பதையும் தெளிவுபடுத்தி, "பேயாகத் தோன்றவிருப்பவர் அடியேன்" என்று அடக்கத்தோடு கைகூப்பினேன். பலத்த கைதட்டல். பின்னால் கணினிக்கு அருகில் நின்ற மகள் ஏன் தலையில் கைவைத்தாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

முன்வரிசையில் இருந்த பாக்கியம், கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவள், விளக்கைக் காட்டிக் கேட்டாள்: "ஐயா, சாமி விளக்க ஏத்தி வச்சுக்கிட்டு பேயக் கூப்பிட்டா, அது எப்புடிங்கய்யா உள்ள வரும்?"

அவள் அருகில் இருந்த சங்கப் பொருளாளர் மாரிமுத்து பதில் சொன்னார். "ஐயாவே கூப்பிட்டுருக்காருல்ல, வரும். வராட்டி வெளக்கம் கேப்பாரு."

படம் தொடங்கியதும் மழையும் தொடங்கியது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரையில் லொறி லொறியாகக் கல் கொட்டுவது போல இருந்தது. வாரக்கணக்கில் மகள் உருவாக்கிய முனகல், கதவுக் கிரீச்சிடல், நாய் ஊளை எல்லாம் போன இடம் தெரியவில்லை. வசனமும் கேட்கவில்லை. ஆகவே சபையே பேசத் தொடங்கியது.

"அது நம்ம கிருஷ்ணன் மகதானே? கொழுத்துட்டாளே!"

"அந்தா என் வீட்டுப் பாவாட காயுது, அந்தா!"

கதாநாயகி இருட்டில் நடுங்கிக்கொண்டிருக்க, முழு மண்டபமும் பின்னால் தெரிந்த அவரவர் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என் வருகை நெருங்கிக்கொண்டிருந்தது.

வந்தேன். திரை முழுக்க வெளுத்த முகத்தோடு நின்றேன்.

"அட, பெரிய கிளாக்கரையா!" என்று ஒரு குரல். விசில். கைதட்டல். பின்வரிசையில் இரண்டு கிழவர்கள் பழக்கதோஷத்தில் எழுந்தே நின்றார்கள். யாரோ திரையைப் பார்த்து, "ஐயா, என் சேமலாப நிதி என்னாங்கய்யா ஆச்சு?" என்று கேட்டார்.

என் அருகில் உட்கார்ந்திருந்த ராஜேஸ்வரி வெற்றிலை மடித்தபடி சொன்னாள்: "இன்னும் யாரும் கத்தலை."

பிறகு அந்தக் காட்சி வந்தது. பேய் முதல் பழி வாங்க வீட்டு வாசலுக்கு வருகிறது. ரிஸ்வான் அதை மாப்பிள்ளை வருவது போல மெதுவான ஓட்டத்தில் எடுத்திருந்தான். பேய் படியேறுகிறது. கதவு தானாகத் திறக்கிறது. பேய் நிற்கிறது. இடது காலிலிருந்து ரப்பர் செருப்பைக் கழற்றுகிறது. வலது காலிலிருந்தும் கழற்றுகிறது. பெருவிரலால் இரண்டையும் சுவரோரம் தள்ளி, ஜோடி சேர்த்து வைக்கிறது. கோணலாக இருந்த ஒன்றைத் திருப்பி நேராக்குகிறது. அதற்குப் பிறகுதான் கொலை செய்ய உள்ளே போகிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், எடுக்கும்போது நான் கவனிக்கவில்லை. மகள் கவனிக்கவில்லை. ரிஸ்வான் கவனிக்கவில்லை. படத்தை வெட்டி ஒட்டியபோது எத்தனையோ தடவை பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு போகும் ஒரு மனிதனை நாங்கள் யாரும் கற்பனைகூடச் செய்ததில்லை. பேயாக இருந்தால் என்ன?

முன்வரிசை எட்டிப் பார்த்தது. பிறகு பாக்கியம் சொன்னாள், "பாவம், மரியாதையான பேயி!"

அதன் பிறகு நடந்ததைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. கதிரைகள் சாய்ந்தன. மாரிமுத்துவுக்கு இருமல் பிடித்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. திரையில் நான் ஒருவரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் காத்திருந்தது, பேய் வெளியே வந்து செருப்பைப் போடுமா என்பதற்காக. போட்டது. மழையையும் மீறி ஒரு ஆரவாரம் எழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். கணினி வெளிச்சத்தில் தர்ஷினியின் முகம் மட்டும் தெரிந்தது. என் படமே தேவையில்லை, பேய் அறைந்த முகம் என்றால் அதுதான். குனிந்து அவள் அருகில் போனேன்.

"நிப்பாட்டிரவாப்பா?" என்றாள். கண்ணில் நீர் நின்றது.

என் வாழ்நாளில் நான் அறிந்த ஒரே ஆறுதலைச் சொன்னேன். "ஆரம்பிச்ச கூட்டத்த பாதியில கலைக்கிற முறை இல்லம்மா."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். என் உத்தியோகம், என் கண்ணாடி, ஜன்னலுக்கு வெளியே தாழ்ந்த குரல்கள் எல்லாம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பில் கரைந்துவிட்டன. அது போகட்டும். நாளைக் காலை அவள் தலைவாரிப் பின்னிக்கொண்டு இரத்தினபுரி பஸ்சுக்கு நிற்பாள். யாராவது ஒருவர், ஒரு குழந்தையாவது கத்தித் தொலைக்கக் கூடாதா என்று சுற்றிப் பார்த்தேன். குழந்தைகள் மடியில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தன. நானே கத்திவிடலாமா என்றும் யோசித்தேன். பேய் தன்னைப் பார்த்துத் தானே கத்துவது செல்லாது.

மழை சட்டென்று விட்டது. எங்கள் பக்கத்து மழை அப்படித்தான், குழாயை மூடியது போல நிற்கும். திரையில் கவ்வாத்து மலை. பேய் துரத்துகிறது. கால் வழுக்குகிறது. உருண்டு, தலைகீழாக, கானுக்குள் மறைகிறது. கை மட்டும் வெளியே கிடக்கிறது. அசையவில்லை.

"ஐயோ! ஏங்க!"

கூரை அதிர்ந்தது. மண்டபம் முழுவதும் திரும்பியது. ராஜேஸ்வரி எழுந்து நின்றாள். வெற்றிலைத் தட்டு உருண்டது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என் கையை, நகம் பதிய, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கலியாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் என்னைத் தொட்டதில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு அவளுக்கு விளங்கியது. பிடித்த கையாலேயே கிள்ளினாள். "கோவில் படியா? கோவில் படியில விழுந்தீங்களா?"

பின்னாலிருந்து மகள் சத்தமாகச் சொன்னாள், "அம்மா கத்திட்டாங்க!"

"நான் ஒன் படத்துக்கா கத்துனேன்? இந்த மனுசன் விழுந்தாரேன்னு கத்துனேன்டி!"

"படத்துலதானேம்மா விழுந்தாரு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சபையும் பார்த்தது. நான் கண்ணாடியைக் கழற்றினேன். (யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.) ஒரே ஒரு ஆள் கத்தினால் போதும் என்பதுதான் பேச்சு, அந்த ஆள் அம்மாவாக இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தேன். மாரிமுத்து ஆமோதித்தார்.

ராஜேஸ்வரி தரையில் சிதறிய பாக்கைப் பொறுக்கினாள். பிறகு யாரிடமும் என்றில்லாமல் சொன்னாள், "பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளயே செத்துட்டாருன்னு நெனக்க வச்சுட்டாளே, பாவி." அதே மூச்சில் மகளிடம், "ஒரு வருசம்தான். எண்ணிக்கிட்டே இருப்பேன்."

அந்த வருடம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. செருப்புக் காட்சியை மட்டும் யாரோ தொலைபேசியில் பிடித்துப் பரப்ப, அதைப் பார்க்காதவர் சப்ரகமுவையில் இல்லை. ரம்புக்கனையில் ரயிலுக்கு நின்றபோது ஒரு குடும்பமே என் காலைப் பார்த்தது. கலவானை பஸ்சில் ஏறினால் கண்டக்டர், "மஹத்தயா, செரெப்புவ கலவன்ன எப்பா!" என்கிறான். சிங்களத்தில், ஐயா செருப்பைக் கழற்ற வேண்டாமாம். கலியாண வீட்டு வாசலில் நான் குனிந்தாலே உள்ளே பேச்சு நின்று, எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். மகள் அடுத்ததாகச் சிரிப்புப் படம் எடுக்கிறாள். அதைப் பார்த்துச் சனம் அழுதுவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

போன மாதச் சங்கக் கூட்டத்தில் மாரிமுத்து ஒரு பிரேரணை கொண்டுவந்தார். செயலாளர் ஐயா காலமாகும்போது, வழக்கமான கூடாரம், கதிரை, வெள்ளைக் கொடியோடு, வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் சங்கச் செலவில் வைக்கப்பட வேண்டும். ஐயா திரும்பி வந்தால் தேடக் கூடாது. பாக்கியம் வழிமொழிந்தாள். ஏகமனதாக நிறைவேறியது. செயலாளர் என்ற முறையில் கூட்டக் குறிப்பில் அதை நானே எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

செருப்பின் அளவைக் கேட்டார்கள். சொன்னேன்.