தங்கள் பைனாகுலரும் நடுக்கடலில் கருட தரிசனமும்

ஸ்ரீமதே ராமானுஜாய நம:

ஸ்ரீரங்கம்,
ஈஸ்வர வருஷம், சித்திரை 9

கும்பகோணத்தில் எழுந்தருளியிருக்கும் மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் சக்ரபாணி அவர்களுக்கு, தங்கள் தங்கை சத்யபாமாவின் கணவனாகிய சௌரிராஜன் அநேக நமஸ்காரம். இவ்விடத்தில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும்; ஆகையால் எழுதிவிட்டேன். தாங்களும் அவ்விதமே என் சௌக்கியத்தை விசாரித்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். வந்த கார்டுகள் அத்தனையிலும் “பைனாகுலர் சௌக்கியமா?” என்றுதான் இருக்கிறது. கடைசிக் கார்டில், சித்திரைத் தேருக்கு வரும்போது பைனாகுலரை முதலில் கையில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு உட்கார்ந்து எங்கள் வைதேஹிக்கும் உங்கள் சிரஞ்சீவி ஸ்ரீனிவாசராகவனுக்கும் நிச்சயதார்த்தத் தேதி பேசலாம் என்று கண்டிருக்கிறது. எது முந்தி எது பிந்தி என்று இவ்வளவு தெளிவாகத் தாங்கள் எழுதிய பிறகு நான் மௌனமாக இருப்பது நியாயமில்லை. பைனாகுலர் இல்லை. அது இந்தியாவிலும் இல்லை, இலங்கையிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இதற்கு மூலகாரணம் தாங்கள்தான் என்பதை முதலில் நிரூபித்துவிடுகிறேன். ஜெர்மன் யுத்தத்தின்போது தாங்கள் பாஸ்ராவுக்குக் கணக்கு எழுதப் போனீர்கள்; போன இடத்தில் ஒரு மேஜர் துரை தம் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றித் தங்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். நல்லது. அந்தக் கதையை அன்று முதல் ஒரு தீபாவளி தவறாமல் சொல்லிவந்தீர்கள். அதுவும் நல்லது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கதையை முடிக்கும்போது என் பக்கம் திரும்பி, “நம்ம மாப்பிள்ளைக்கு காவேரிப் பாலத்தைத் தாண்டினாலே சீமைப் பிரயாணம்” என்பீர்களே, அது நல்லதா? பந்தியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரிப்பார்கள். பாயசம் பரிமாறுகிறவன் கூடச் சிரிப்பான். நான் பி.ஏ., எல்.டி. படித்துவிட்டுப் பூகோளம் போதிக்கிறவன். உலகத்திலுள்ள ஜலசந்திகள் அத்தனையையும் பையன்களுக்கு நெட்டுருப் போடவைத்தவன். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. எனக்கு வரவேண்டிய ஹெட்மாஸ்டர் ஸ்தானம் எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவனுக்குப் போயிற்று. என்ன யோக்கியதை என்று கமிட்டியாரைக் கேட்டேன். “அவர் ரங்கூன் போயிட்டு வந்தவர் ஆச்சே” என்றார்கள். இந்த நிலைமையில் ஒரு மனுஷன் கப்பல் ஏறாமல் வேறு என்ன செய்வான்?

கப்பலுக்கு வழி காட்டியவர் கிளமென்ட். இவர் ரயில்வே ஆபீஸில் உத்தியோகம், நல்ல மனுஷர், ஆனால் பறவைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்தால் நேரே கொள்ளிடம் மணலுக்கு வந்து, ஒரு கொக்கு என்ன செய்கிறது என்று மத்தியானம் வரை பார்ப்பார். கொக்கு ஒன்றும் செய்யாது. அவருக்கு அது போதும். அவர்தான், இலங்கையில் மன்னார்க் கரையில் பங்குனி மாதத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும், வெயில் ஏறினால் கிளம்பிவிடும், அதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றார். “வாங்க சார், போட் மெயில்ல ஏறினா மறுநாள் கப்பல். பறவை பார்த்த மாதிரியும் ஆச்சு, வெளிநாடு போன மாதிரியும் ஆச்சு” என்றார். எனக்குப் பறவைகளிடம் சினேகமும் கிடையாது, விரோதமும் கிடையாது. ‘வெளிநாடு’ என்ற வார்த்தைக்காகத்தான் சம்மதித்தேன். மூன்றாவது ஆள், திருச்சிராப்பள்ளியில் தோல் மண்டி வைத்திருக்கும் கியாசுதீன் ராவுத்தர். அவருடைய உறவினர் ஒருவருக்கு மன்னாரில் வீடு இருந்தது.

பறவை பார்க்கப் பைனாகுலர் வேண்டுமே என்றேன். என் தவறு அது ஒன்றுதான். தங்கள் சகோதரி உடனே தங்களுக்கு எழுதினாள். “அண்ணா, இவரை நம்பி அனுப்ப வேண்டாம், என்னை நம்பி அனுப்பு” என்று எழுதியதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். பார்சல் வந்தது. பெட்டியும் தோல், கழுத்தில் மாட்டும் வாரும் தோல். புளியோதரை மூட்டையும் தோலும் ஒரே பையில் போகலாமா என்று கேட்டாள் சத்யபாமா. போகலாம் என்றேன். என்னை யார் கேட்டார்கள்? பெட்டியை மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, பால் கறக்க வந்த வீரமலையைக் கொண்டு வாரை அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைதேஹியின் சிவப்பு ரிப்பனை முடிந்து என் கழுத்தில் மாட்டி அனுப்பினாள். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கியாசுதீன் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். “என்ன சாமி, தலை வாரிப் பூ வைக்காம அனுப்பிட்டாங்களே” என்றார். பிறகு அறுபட்ட இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நிஜமாகவே முகம் வாடி, “எப்பேர்ப்பட்ட வார் இருந்திருக்கும் இதுல. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். வண்டியிலிருந்த முன்பின் தெரியாதவர்களெல்லாம் என் ரிப்பனைப் பார்த்தார்கள். ஐம்பது வயதில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு வெளிநாடு போக எனக்குச் சம்மதமில்லை. அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆக, கடலில் விழுவதற்கு முன்பே பைனாகுலரை மூன்று பேர் தள்ளிவிட்டாயிற்று: தங்கள் மேஜர் துரை, தங்கள் தங்கை, ராவுத்தர்.

கப்பல் ஏறுமுன் டாக்டர் பரிசோதனை நடந்தது. டாக்டர் என் நாக்கைப் பார்த்துவிட்டு, எந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாய் என்று ஏகவசனத்தில் கேட்டார். தோட்டத்துக்கில்லை, பறவை பார்க்கப் போகிறேன் என்று இங்கிலீஷில் பதில் சொன்னேன். அவர் நாக்கை இன்னொரு தடவை பார்த்தார். “உங்க ஊர்ல பறவை இல்லையா?” என்றார். யோசித்துப் பார்த்தால் அந்தப் பிரயாணத்தில் அறிவோடு பேசிய ஒரே ஆசாமி அவர்தான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கப்பல் தனுஷ்கோடியை விட்டுக் கிளம்பிவிட்டது. கிளமென்ட் கம்பியோரம் நின்றுகொண்டு, தம்முடைய ஒற்றைக்கண் டெலஸ்கோப்பில் “அதோ ஆலா, அதோ இன்னொரு ஆலா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தங்கள் பைனாகுலரில் பார்த்தேன். இடது கண்ணில் பூஞ்சை பூத்து ஒன்றுமே தெரியவில்லை. இந்தச் செய்தி எந்தத் தீபாவளியிலும் வெளியானதில்லை. வலது கண்ணில் கடல் தெரிந்தது. அது சும்மாவே தெரிந்துகொண்டிருந்தது. அப்போது பாய்மரக் கம்பத்துக்கு மேலே ஒரு பறவை வந்தது. சிறகை அசைக்காமல் ஒரு சுற்றுச் சுற்றியது. சூரியனுக்கு நேரே திரும்பியபோது கழுத்து வெள்ளை வெளேரென்று பளபளத்தது. கருடன். தரையே கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலில், ஸ்ரீரங்கத்துக்காரன் ஒருவன் வெளிநாடு போகிறான் என்று தெரிந்து பெருமாளே வாகனத்தை அனுப்பினாற்போல் கருடன். ஸ்வாமி, தங்களுக்குத் தெரியாததில்லை, ஆகாயத்தில் கருடனைக் கண்டுவிட்டால் இந்தக் கைகள் என்னைக் கேட்டுக்கொண்டு கூம்புவதில்லை. சைக்கிளில் போகும்போது கண்டு, இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சாக்கடையில் விழுந்திருக்கிறேன். சாக்பீஸும் கையுமாக ஜன்னல் வழியே கண்டு, மூக்கெல்லாம் வெள்ளையாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். கைகள் தலைக்குமேல் போய்க் குவிந்தன. குவிந்த கைகளில் பைனாகுலருக்கு இடமில்லை.

விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது கியாசுதீன் கம்பிக்கு மேலாக எட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கும்பிடறதுக்கு முன்னால அதை எங்கிட்ட ஒரு நிமிஷம் குடுத்திருக்கலாமே சாமி” என்றார். நான் ஓடிப்போய்க் கப்பல் உத்தியோகஸ்தரிடம் கப்பலை நிறுத்தச் சொன்னேன். எந்த இடத்தில் விழுந்தது என்று கேட்டார். காட்டினேன். நான் காட்டி முடிப்பதற்குள் அந்த இடம் பின்னால் போய்விட்டது.

பிறகு வெளிநாடு. வெளிநாட்டைப் பற்றித் தாங்கள் அறிந்துகொள்ள வேண்டியது, அங்கும் சேறு சேறாகத்தான் இருக்கிறது என்பதே. முழங்கால் சேற்றில் ஒரு ஜோடி செருப்பை இழந்தேன். பூநாரைகள் வந்திருந்தன, தூரத்தில் யாரோ ரோஸ் நிறப் புடவையை உலர்த்தியிருக்கிற மாதிரி ஒரு கோடு தெரிந்தது, அதுதான் என்றார்கள். கிளமென்டுக்கு டெலஸ்கோப்பில் ஒவ்வொன்றின் அலகும் தெரிந்தது. என் முறை வந்து நான் கண்ணை வைத்ததும் கோடு எழுந்து பறந்துபோய்விட்டது. சேற்றில் கால் வைக்காமல் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த கியாசுதீனின் தலைக்கு நேர்மேலே அத்தனையும் தாழப் பறந்து போயின. அவர் விழித்துப் பார்த்துவிட்டு, “அட, அழகாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அவருடைய உறவினர் எனக்கென்று புதுப்பானை வாங்கி, தோட்டத்தில் தனி அடுப்பு மூட்டி, கிணற்றடியிலிருந்து வீட்டு மனுஷர்களை விலக்கி, நான் பொங்கித் தின்கிற வரையில் தாமும் சாப்பிடாமல் காத்திருந்தார். அந்த மனிதரிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் போனது அந்தப் பிரயாணத்தில் எனக்கு நேர்ந்த இன்னொரு ஏமாற்றம்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். “நான் அண்ணாவுக்கு எந்த முகத்தோட பதில் எழுதுவேன்?” என்றாள் சத்யபாமா. அத்தோடு சரி. அதற்குப் பிறகு என்னோடு பேச்சு கிடையாது. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, “வைதேஹி, உங்கப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு” என்கிறாள். வைதேஹி கேட்கிறாள். நான் வைதேஹியிடம் பதில் சொல்கிறேன். இது சகித்துக்கொள்ளக்கூடியதுதான், ரசம் வருகிறது.

வைதேஹியைத்தான் சகித்துக்கொள்ள முடியவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தபால் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள். தங்கள் கார்டை எனக்கு முன்னால் படித்துவிட்டு, படிக்காதவள் மாதிரி கொண்டுவந்து கொடுக்கிறாள். கடைசிக் கார்டு வந்த மறுநாளிலிருந்து வாசலில் கோலம் சின்னதாகிவிட்டது. ஸ்ரீனிவாசராகவனை அவளுக்குப் பாவாடை கட்டின நாளிலிருந்து தெரியும், அவனுக்கும் அவளை. அது பெரியவர்கள் பேசி ஏற்பட்ட விஷயம் மட்டுமில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கிறது, தங்களுக்கும் தெரிந்திருக்கும். ஹெட்மாஸ்டர் ஸ்தானம் கைநழுவியபோது வைவதற்கு எனக்கு ஆட்கள் இருந்தார்கள். இதற்கும் ஆள் தேடித்தான் இவ்வளவு நீளம் எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். தாங்கள் பரமவைஷ்ணவர். கருடன் தலைக்குமேல் வட்டமிடும்போது, மைத்துனர் சாமானாச்சே என்று பைனாகுலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று நான் எழுதியிருந்தால், அப்படிப்பட்ட நாஸ்திகன் வீட்டில் தாங்கள் பெண் எடுப்பீர்களா? கருடனுக்குச் செய்த மரியாதையில் கைவிட்டுப் போன பொருள் போனதாகுமா, சமர்ப்பணம் ஆனதாகுமா? கருடனை முன்னிட்டாவது இந்தச் சம்பந்தத்தைத் தாங்கள் கைவிடக் கூடாது.

மன்னிக்கு என் நமஸ்காரம். சிரஞ்சீவி ஸ்ரீனிவாசராகவனுக்கு ரங்கநாதன் கிருபையால் தீர்க்காயுசும், நல்ல உத்தியோகமும், மாமனார் தயவில்லாமலே சகல சம்பத்தும் உண்டாகட்டும். தேருக்கு அவசியம் வரவும். தாங்கள் வெறுங்கையோடு திரும்பும்படி இருக்காது. தோல் பெட்டி மாட்டுக்கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது.

இங்ஙனம்,
அடியேன்
சௌரிராஜன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டப்போகிற சமயத்தில் கிளமென்ட் ஒரு பறவைப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் ஒரு படத்தைக் காட்டி, “சார், அன்னைக்குக் கப்பல்ல நீங்க கும்பிட்டது இதுதான்” என்றார். கருடன்தானே என்றேன். “இல்லைங்க சார். கருடனுக்குத் தலையும் மாரும் வெள்ளை. இதுக்கு உடம்பு பூரா பழுப்பு, வால் நடுவுல பிளந்திருக்கும். கள்ளப்பருந்து. மீன் குடல் தின்ன கப்பல் பின்னாலேயே வரும். நீங்க பார்த்த வெள்ளை, வெயில்” என்றார். அன்றைக்கே ஏனய்யா சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கண்ணை மூடி ஸ்லோகம் சொல்லிக்கிட்டிருந்தீங்க. நடுவுல பேசக் கூடாதுன்னு இருந்துட்டேன்” என்றார். உள்ளேயிருந்து சத்யபாமா வந்து, “மீன் குடல் தின்கிற பருந்துக்கா எங்கண்ணா பைனாகுலரைக் குடுத்தேள்?” என்றாள். பங்குனிக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

கிளமென்ட் போனதும் கடிதத்தை ஒட்டப் போனேன். வைதேஹி கையைப் பிடித்துக்கொண்டாள். “இதை இப்படியே போடாதீங்கோ அப்பா” என்றாள். யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். “எனக்குத் தெரியுமே. அந்தாத்துல இருந்துண்டு, மாமா கருடனைப் பார்த்துக் கைகூப்பறச்சேயெல்லாம் நான் எங்கே பார்க்கறது? கருடனுக்காகப் பொறுத்துக்கறவர் பருந்துக்காகப் பொறுத்துக்க மாட்டாரா? கேட்டு எழுதுங்கோ. மாட்டார்னா, அதுவும் இப்பவே தெரியட்டும்” என்று சொல்லிவிட்டு, நான் எழுதி முடிக்கிற வரையில் பக்கத்திலேயே நிற்கிறாள்.

ஆகையால், மேலே கருடன் என்று எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் பருந்து என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். வைதேஹி என்று எழுதியிருக்கும் இடங்களில் திருத்த ஒன்றுமில்லை.